கழுத்துல சாம்பல் எங்க?

குழந்தைகளின் படப்புத்தகங்களுக்கு வரைய வந்த இரண்டாம் வருடம் அது. ஒரு நூலகத்தில் கதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வரைந்த புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன், "இது அண்டங்காக்காவா?" என்று கேட்டான். இல்லை, வீட்டுக்கு வருமே அந்தக் காக்காதான் என்றேன். "அப்ப கழுத்துல சாம்பல் எங்க?"

உச்சி முதல் வால் வரை கறுப்பாக வரைந்திருந்தேன். தினமும் சமையலறை ஜன்னலில் வந்து உட்காரும் பறவை. எனக்கும் தெரியவில்லை, அச்சுக்குப் போகுமுன் பார்த்த நாலு பேருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. கணினியில் மாதிரிக்காக நான் எடுத்து வைத்திருந்தவை எல்லாம் வெளிநாட்டுப் படங்கள். அமெரிக்கக் காக்கை முழுக் கறுப்பு. அதைக் கொண்டுவந்து நம் ஊர் முருங்கை மரத்தில் உட்கார வைத்திருக்கிறேன்! மலையே இல்லாத தஞ்சாவூர்ப் பக்கத்தில் வளர்ந்தும் பள்ளி நோட்டில் இரண்டு மலை, நடுவே சூரியன் என்று வரைந்துகொண்டிருந்தவள்தானே நான். பழக்கம் போகவில்லை.

அடுத்து வந்தது, மொட்டைமாடியில் பாட்டி கூழ்வத்தல் போடும் கதை. 16 பக்கம், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி. இந்த முறை கணினியைத் திறக்காமல் கும்பகோணத்துக்கு, அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன். சித்திரை வெயில். வெயில் ஏறுவதற்குள் அத்தை பழைய வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாகக் கூழை ஊற்றி முடித்துவிட்டார். நான் நோட்டும் பென்சிலுமாக ஓரமாக உட்கார்ந்தேன்.

முதல் நாள் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. காக்கை நின்றால்தானே வரைய! ஆனால் பார்த்துக்கொண்டே இருந்ததில் சில விஷயம் கிடைத்தது. அது எதையும் நேராகப் பார்ப்பதில்லை, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறது. காக்கைக்கு இரண்டு கண்ணுக்கும் மணி ஒன்றுதான் என்று பழைய பாட்டுக்காரர்கள் சொன்னது சும்மா இல்லை. திருடிய வத்தலைக் கைப்பிடிச் சுவருக்குக் கொண்டுபோய், ஒரு காலால் மிதித்துக்கொண்டு கொத்துகிறது. கழுத்துச் சாம்பலும் வெறும் சாம்பல் இல்லை, லேசாகப் பழுப்பு ஓடுகிறது. கறுப்பில் வெள்ளையைக் கலந்தால் அந்த நிறம் வராது.

இரண்டாம் நாள், பதினோரு மணி இருக்கும். அத்தையின் பேத்தி செருப்பில்லாமல் மாடிக்கு ஓடிவந்தாள். தரை கொதிக்கிறது. ஒரு காலை மாற்றி ஒரு காலாகத் தத்தித் தத்தி வேட்டியை நோக்கி வருகிறாள். எதிர்ப்பக்கத்திலிருந்து காக்கையும் தத்தித் தத்தி வருகிறது. இரண்டு பேர் கண்ணும் வத்தல் மேல்.

அப்புறம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் விரியும் இரண்டு பக்கத்துக்கும் அதுதான் படம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. முதல் மாதிரியில் காக்கையின் மூக்கு தையல் மடிப்புக்குள் போய்விட்டது. நடுவில் வேட்டியை வைத்து, இடப்பக்கம் பேத்தி, வலப்பக்கம் காக்கை என்று தள்ளிப் போட்டதும் சரியாக வந்தது. கதையில் இப்படி ஒரு காட்சியே இல்லை. எழுதியவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டே அனுப்பினேன். அவர் அந்தப் பக்கத்தில் இருந்த 'தரை சுட்டது' என்ற வரியை அடித்துவிட்டார். படத்திலேயே சுடுகிறதே, எதற்கு என்றார். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அத்தைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. காக்கை, பேத்தி, வேட்டி எல்லாம் அச்சு அசலாக இருக்கிறதாம். "அதெல்லாம் சரிடி, காக்கா வராம இருக்கக் கறுப்புக் குடை ஒண்ணு விரிச்சு வச்சிருந்தேனே, அது எங்க?"

அந்த இரண்டு நாளும் அந்தக் குடை நிழலில் உட்கார்ந்துதான் வரைந்தேன்.