காம்பியாவுக்குக் கிடைத்த துணையும் கிடைக்காத நீதியும்

2016 டிசம்பரில், வேட்பாளரின் வண்ணம் பூசிய உருளைக்குள் கோலிக்குண்டைப் போட்டு, உள்ளே மணி ஒலிப்பதைக் கேட்டு வாக்களித்த, மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் மக்கள், 22 ஆண்டுகள் ஆண்ட அதிபர் யாஹ்யா ஜாமேயைத் தோற்கடித்தார்கள். தோல்வியை ஏற்று, ஒரே வாரத்தில் மறுத்துவிட்ட அவரை, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு பேச்சுவார்த்தையாலும், எல்லை தாண்டி அனுப்பிய படையாலும் 2017 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேறச் செய்தது. வெற்றி பெற்ற அடாமா பாரோவோ அதற்குள் செனகல் தலைநகர் டாக்கரிலிருந்த காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றிருந்தார். அண்டை நாடுகள் காட்டிய அந்த உறுதியை மனமாரப் போற்றுகிறேன். ஆனால், ஜாமேயின் ஆட்சியில் சித்திரவதைக்கு ஆளானவர்கள் சாட்சியளித்த உண்மை கண்டறியும் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2021-இலேயே வந்துவிட்டபோதும், அந்தக் குற்றங்களை விசாரிக்கும் சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்க அதே கூட்டமைப்பு ஒப்புதல் தந்தது 2024 டிசம்பரில்தான். அதற்கான நிதியை உதவும் நாடுகள் இனியும் தாமதிக்காமல் தர வேண்டும்; சாட்சிகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.