‘மிஸ்ஸிங்’ ஜாபில் மார்க் எங்கே இருக்கிறது: மோட்டார் மெக்கானிக் செய்முறைத் தேர்வு அனுபவம்

காரைக்குடிப் பக்கம் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிக்கும் தம்பி தங்கைகள் அதிகம் பயப்படுவது, செய்முறைத் தேர்வில் ‘என்ஜின் மிஸ்ஸிங்’ ஜாப், அதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் தடுமாறி ஓடும் என்ஜினில் கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலை, வந்துவிடுமோ என்றுதான். எனக்கு அதுதான் வந்தது. பாயிண்ட் (தீப்பொறி உண்டாகக் காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்), கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது) உள்ள பழைய அம்பாசிடர் பெட்ரோல் என்ஜின். ஸ்பேனரைத் தொடும் முன் காது கொடுத்துக் கேட்டதை ஜாப் தாளில் எழுதினேன். தேர்வாளர் என்னிடம் நின்று பேசியது அந்த நான்கு வரிகளைப் பார்த்துத்தான்.

ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்லோவில் ஓடவிட்டுக் கேளுங்கள். மிஸ் ஒரே தாளத்தில் அடித்தால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. தாறுமாறாக அடித்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான பாயிண்ட், கன்டென்சர், காயில், கார்பரேட்டர் பக்கம் போங்கள். ஸ்லோவில் மட்டும் மிஸ் ஆகி, ரேஸ் கொடுத்தால் தெளிகிறதா? ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் வழியாகக் காற்று இழுப்பு. லோடில் மட்டும் வந்தால் பிளக், காயில், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் ஹெச்.டி. ஒயர். நம் ஊரில் மலை ஏற்றம் கிடையாது; நாலு பேரை ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்த லோடு கிடைத்துவிடும்.

அடுத்தது சிலிண்டர் பேலன்ஸ். இன்சுலேஷன் உள்ள பிளையரால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி, உடனே பாடியில் எர்த் செய்யுங்கள். அந்தரத்தில் தொங்கவிட்டால் காயிலுக்குக் கேடு. கழற்றியும் என்ஜின் ஓட்டம் குறையாத சிலிண்டர்தான் குற்றவாளி. அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் கோளாறு பிளக்கில். போகாவிட்டால் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பிரித்து அனுப்புவது) மூடி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் அழுத்தம்). ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், பாயிண்ட், ஒயர் மூன்றையும் சேர்த்து மாற்றி என்ஜின் சரியானால், எது கெட்டிருந்தது என்று உங்களால் சொல்லவே முடியாது. கேள்வி அதுதானே!

பிளக் முனையை அவசரமாகத் துடைத்துவிடாதீர்கள். இளம்பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு, பெட்ரோல் ஈரம் என்றால் அந்த சிலிண்டர் எரியவில்லை.

கம்ப்ரஷன் எடுக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதும் திறந்து வையுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். வாய்மொழித் தேர்வான வைவாவில் இது கட்டாயம் வரும் என்று நினைத்தே படியுங்கள்.

புத்தகம் மட்டும் போதாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளில் பழைய வண்டிகள் மாதக்கணக்கில் நிற்கும். கல்யாணம், திருவிழா என்றால்தான் வெளியே வரும். நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து ஜெட்டில் பிசினாகப் படியும், டாங்க் துரு ஃபில்டரை அடைக்கும், பாயிண்டில் களிம்பு பிடிக்கும். இப்படிப்பட்ட வண்டிகள் வரும் பட்டறையில் விடுமுறையில் போய் நில்லுங்கள். நான் போன பட்டறை அண்ணன் இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து காட்டுவார்: மின்சாரம் கசியும் ஹெச்.டி. ஒயரில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். சைலன்சர் வாயில் ஒரு தாளைப் பிடிக்கவும் அவர்தான் சொல்லித் தந்தார். அது அவ்வப்போது உள்ளே இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்றைய வண்டியில் ஸ்கேனரைச் செருகினால் பி0301 என்ற கோளாறுக் குறியீடு வந்து 1ஆம் சிலிண்டரைக் காட்டிவிடும். ஆனால் பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்பதை அது சொல்லாது. அதற்கும் இதே சோதனைகள்தான். என்னிடம் தேர்வாளர் இதையும் கேட்டார்.

அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினில் பாயிண்ட் கேப் (முனைகள் திறந்திருக்கும்போது உள்ள இடைவெளி) 0.35 முதல் 0.40 மி.மீ., ஃபைரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. மூன்று சிலிண்டர் மாருதி 800 என்றால் 1-3-2. ஒயர்களைத் திரும்ப மாட்டும் முன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டார் சுற்றும் திசையை ஜாப் தாளில் அம்புக்குறியாகப் போட்டு வையுங்கள்.