பத்து மூச்சு எண்ணிப் பாருங்கள்

'நடந்ததை நினைக்காதே, நடக்கப்போவதை நினைக்காதே, இந்த நொடியில் இரு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி இருப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை. சைக்கிள் ஓட்டுவதைப் போல இதுவும் உடம்பால் பழக வேண்டிய விஷயம்.

மனசு எவ்வளவு நேரம் வெளியே திரிகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரிடம் கைப்பேசிச் செயலி வழியே திடீர் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனசு செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவு. இனிமையானதை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, கையிலிருந்த வேலையில் மனசு வைத்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை. பகல் கனவு சுகம் என்று நம்புகிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

சரி, பழகுவது எப்படி? ஒரு போர்வையை நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்து அதன் மேல் சம்மணமிட்டு உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும், காலும் சீக்கிரம் மரத்துப்போகாது. முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலியே போதும். சாயாமல், பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்கார வேண்டும். பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, கைப்பேசியைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். மூச்சை இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். அது வெளியே போய் முடியும் இடத்தில் மட்டும் 'ஒன்று' என்று மனசுக்குள் எண்ணுங்கள். பத்து வரை போய், மறுபடி ஒன்றிலிருந்து.

நான்கைத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கும். கரண்ட் பில் ஞாபகம் வரும், நேற்று ஒருவர் சொன்ன சொல் வந்து குத்தும். சில சமயம் எண்ணிக்கை பதினேழுக்குப் போன பிறகுதான் 'அடடா' என்று தெரியும். 'எனக்கு இது சரிப்படாது' என்று பலர் எழுந்து போவது இங்கேதான். உண்மையில், மனசு ஓடிப்போனதை நீங்கள் கண்டுபிடித்த அந்த 'அடடா'தான் பயிற்சி. திட்டாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் முப்பது தடவை ஓடி முப்பது தடவை திரும்பினால், தண்டால் முப்பது எடுத்ததைப் போல.

தலை லேசாகச் சுற்றினால் மூச்சை நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். எண்ணுவதை விட்டு, அதைத் தன் போக்கில் விடுங்கள். தூக்கம் வருவது பெரும்பாலும் சாப்பிட்டவுடன் உட்காருவதால். கண்ணைப் பாதி திறந்து வைக்கலாம், நின்றுகொண்டும் எண்ணலாம்.

மூச்சே பிடிபடாதவர்கள் உலர் திராட்சையில் தொடங்கலாம். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் 1979-ல் தொடங்கி, பிறகு உலகெங்கும் பரவிய, மன அழுத்தத்தைக் குறைக்கும் எட்டு வாரப் பயிற்சியில் இது பிரபலம். ஒரே ஒரு திராட்சையை உள்ளங்கையில் வையுங்கள். சுருக்கங்களின் பள்ளத்தில் கறுப்பு, மேட்டில் செம்பழுப்பு. காதருகே வைத்து இரு விரலால் உருட்டினால் மெல்லிய நெரிசல் சத்தம் கேட்கும். முகர்ந்தால், வாயில் போடும் முன்பே எச்சில் ஊறும். நாக்கில் வைத்துக் கடிக்காமல் பத்து நொடி இருங்கள். தோலில் இனிப்பு அதிகம் தெரியாது. முதல் கடியில்தான் ஒரு பக்கமாகத் தித்திப்பு உடையும். விழுங்கத் துடிக்கும் தொண்டையையும் கவனியுங்கள். பாயசத்தில் கைப்பிடி அளவு போட்டுச் சாப்பிட்டும் இந்த ருசி தெரிந்திருக்காது.

பழக்கத்தின் பிடியிலிருந்து விடுதலை என்பது அந்தத் தொண்டைத் துடிப்பைக் கவனிப்பதில்தான் இருக்கிறது. ஆசைக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு; அது கண்ணில் பட்டால் போதும், தேர்வு நம் கைக்கு வந்துவிடும். பஸ் ஸ்டாப்பில் கை தானாகப் பைக்குள் போனை எடுக்கப் போகும். மூன்று மூச்சு எண்ணுங்கள். பிறகும் வேண்டுமென்றால் எடுங்கள், தப்பில்லை. பதில் சுள்ளென்று வாய்க்கு வரும்போதும் இதே மூன்று மூச்சு.

திட்டமிடுவதைக் கைவிட வேண்டுமா என்று பலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். காலையில் பதினைந்து நிமிடம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து திட்டம் போட்டால், அந்த நேரத்தில் அதுவே நிகழ்காலம்.

எல்லோருக்கும் மூச்சு ஒத்துவராது. பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்கும், படபடப்பு நோய் உள்ளவர்களுக்கும் மூச்சைக் கவனிக்கக் கவனிக்க நெஞ்சு இறுகலாம். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, உள்ளங்கால் தரையில் அழுந்துவதை, இல்லையென்றால் ஃபேன் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு நிமிடம் போதும். அப்படியும் இறுக்கம் குறையாவிட்டால் எழுந்துவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.