ஆதரவு நபர் வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள்

பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக ஒரு வழக்கு நடக்கிறது. பிள்ளையின் சாட்சியம் போன மாதம் முடிந்தது. தீர்ப்பு இன்னும் வரவில்லை, வரும்போது வரட்டும். சாட்சிக் கூண்டு வேலை முடிந்ததே பெரிய நிம்மதி. இப்படி ஒரு வழக்கில் பிள்ளைக்குத் துணை நிற்க நியமிக்கப்படும் 'ஆதரவு நபர்' பற்றி எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊர், வயது, பள்ளி, எனக்கு என்ன உறவு எதையும் எழுதப் போவதில்லை. பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. பையனா பெண்ணா என்றுகூட வேண்டாம், பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் போன ஸ்டேஷனில் "இது எங்க லிமிட்ல வராதும்மா" என்றார்கள். சொன்ன இடத்துக்குப் போனால் இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். பிள்ளையை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இதெல்லாம் தேவையே இல்லாத அலைச்சல். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கிப் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிவைக்க வேண்டியது அவர்கள் வேலை. ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும், குற்ற வழக்கு நடைமுறைக்கான பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173ஆம் பிரிவிலேயே இது வந்துவிட்டது. நீங்கள் பிரிவு எண்ணைச் சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கும்.

எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும், தந்தார்கள். கூடவே கொடுக்க வேண்டிய இன்னொரு தாள் 'படிவம் ஏ'. 2020 போக்சோ விதிகளில் இருக்கிறது. பிள்ளைக்கு என்னென்ன உரிமை, என்னென்ன உதவி என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கும். அது எங்கள் கைக்கு வரவே இல்லை. அந்த ஒரு தாள் வந்திருந்தால் பின்னால் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும். கேட்டு வாங்கிவிடுங்கள்.

மறுநாள் "வாக்குமூலம் எழுதணும், புள்ளைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று போன். வீட்டுக்கு வந்து எழுதலாமே, யூனிஃபார்ம் இல்லாமல் வரலாமே, சட்டத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் சப்-இன்ஸ்பெக்டர் அம்மா சுடிதாரில் வந்தார், பிள்ளையிடம் நன்றாகவே பேசினார். கேட்டால் கிடைக்கிறது, கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ் மெமோ, அதாவது போலீஸ் கடிதம், இல்லாமல் தொட மாட்டோம் என்று ஒரு வாக்குவாதம். அவசர சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது என்று போக்சோ விதிகளில் 6ஆவது சொல்கிறது. எஃப்ஐஆர் போடாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம் என்று போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. டூட்டி டாக்டர் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது. மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் சுமுகமாக முடிந்தது. இப்போது அது பிஎன்எஸ்எஸ் 183ஆம் பிரிவு, ஆனால் கோர்ட்டில் எல்லோரும் இன்னும் பழைய சட்டத்தின் எண்ணான 164 என்றுதான் சொல்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள் போலீஸ் தகவல் கொடுத்தாக வேண்டும். எங்களிடம் பிள்ளையை அங்கே அழைத்துவரச் சொன்னார்கள். பள்ளியில் பரீட்சையை விட்டுவிட்டுப் போனோம். அன்று அமர்வே இல்லை! பிறகுதான் தெரிந்தது, எல்லாப் பிள்ளைகளையும் நேரில் கொண்டுபோக வேண்டியதில்லை என்பது. குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருந்தாலோ, பிள்ளைக்கு வீட்டு ஆதரவு இல்லாவிட்டாலோதான் ஆஜர்படுத்த வேண்டும். போவதற்கு முன் போன் செய்து, இன்று அமர்வு உண்டா, பிள்ளை அவசியமா என்று கேளுங்கள்.

ஆனால் இரண்டாம் முறை போனதில் ஒரு நல்லது நடந்தது. உறுப்பினர் ஒருவர், "ஆதரவு நபர் போட்டாங்களா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். விசாரணை முதல் தீர்ப்பு வரை பிள்ளைக்குத் துணையாக இருக்கக் குழு நியமிக்கும் ஆள் அவர். அப்படி ஒருவர் கிடைப்பார் என்று எல்லா வழக்கிலும் குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு வந்தவர் சின்ன வயசுப் பெண். முதல் நாள் எங்கள் ஃபைலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரிஜினல் எதையும் யார்கிட்டயும் குடுக்காதீங்க, ஜெராக்ஸ் மட்டும்" என்றார். அன்றிலிருந்து அலைச்சல் பாதியாகக் குறைந்தது.

எதிர்த் தரப்பு ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவரைப் பிடித்து, பேசி முடித்துக்கொள்ளலாம் என்று தூது விட்டபோதும் ஆதரவு நபர்தான் பதில் சொன்னார். போக்சோ வழக்கில் ராஜி என்ற பேச்சுக்கே இடமில்லை. சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி இத்தகைய வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்திருக்கிறது.

அடுத்தது கவுன்சிலிங். சம்பவத்துக்குப் பிறகு பிள்ளைக்குத் தினமும் காலையில் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ராத்திரி விளக்கை அணைக்க விடாது. இதற்கு உதவி தேடலாம் என்றால் தெரிந்த வக்கீல் ஒருவர், "சாட்சியம் முடியற வரைக்கும் கவுன்சிலிங் வேண்டாம், சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு குறுக்கு விசாரணைல பிடிச்சுக்குவாங்க" என்றார். இதைச் சொன்னவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். கவுன்சிலிங் கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. பிள்ளைக்குக் கவுன்சிலிங் ஏற்பாடு செய்யச் சொல்வதே அந்தச் சட்டம்தான். கேஸ் இழுக்கிற இழுப்புக்குப் பிள்ளை தூங்காமல் காத்திருக்க வேண்டுமா?

முதலில் அமைந்த கவுன்சிலர் நன்றாகத்தான் பழகினார். ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். அடுத்து வந்தவர் உட்கார்ந்ததுமே, "என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு" என்றார். பிள்ளை எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அப்படியே கிளம்பி வந்துவிட்டோம். மூன்றாவதாக ஆதரவு நபர் சொல்லி ஓர் அரசு மருத்துவமனையில் பார்த்தவர்தான் சரியான ஆள். நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மனித உருவம் ஒன்றை வரைந்து கொடுத்து, பயம் வந்தால் உடம்பில் எங்கே தெரியும், அங்கே கலர் அடி என்றார். பிள்ளை வயிறு முழுக்கக் கறுப்பு அடித்தது. பிறகு மூச்சுப் பயிற்சி, தூங்கப் போகும் முன் செய்ய வேண்டியவை, பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று பல வாரம் போனது. சம்பவத்தைப் பற்றிப் பேசாதபோது அதில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது?

கோர்ட்டில் முதல் தேதியே வாய்தா. அது பரவாயில்லை. வராண்டாவில் எதிரே அந்த ஆளின் சொந்தக்காரர்கள் நின்றதுதான் கொடுமை. பிள்ளை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி செய்ய வேண்டும் என்று போக்சோ சட்டத்தில் 36ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அது வராண்டா வரைக்கும் எட்டுவதில்லை. அடுத்த தேதிக்கு ஆதரவு நபர் முன்கூட்டியே பேசி, தனி அறையும் வேறு வாசலும் ஏற்பாடு செய்தார். முந்தின வாரமே காலி கோர்ட் ஹாலைக் காட்டவும் அழைத்துப் போனார். பிள்ளையின் ஒரே கேள்வி: "ஜட்ஜ் எந்தக் கதவு வழியா வருவாங்க?"

அன்று கதவுகள் மூடி, நடுவில் திரை போட்டு விசாரணை. எதிர்த் தரப்பு வக்கீல் நேரடியாகப் பிள்ளையைக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். ஒரு கேள்வியை நீதிபதி கேட்கவே மறுத்துவிட்டார். நடுவில் பிள்ளை தானே "பிரேக் வேணும்" என்று கேட்டு வாங்கியது. எனக்குத்தான் கை நடுங்கியது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. இடைக்கால இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம், எஃப்ஐஆர் பதிந்த பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். உத்தரவு வந்த 30 நாளுக்குள் தொகை தர வேண்டும். மனு எழுதிக் கொடுக்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது, உதவி எண் 15100. எங்களுக்கு உத்தரவு வந்தும் பணம் வரவில்லை, காரணம் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. கணக்குத் தொடங்கப் போனால் ஆதாரில் இனிஷியல் முன்னால், பிறப்புச் சான்றிதழில் பின்னால்! இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் கவுண்டர் அசைந்தது. எஃப்ஐஆர் போட்ட வாரமே கணக்கைத் தொடங்கிவிடுங்கள், யாரும் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.