அரிட்டாபட்டி போகிறவர்களுக்கு

காலை பத்து மணிக்கே பாறை கொதிக்கிறது. செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறிய ஒருவர் நுனிக்காலில் துள்ளித் துள்ளி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

அரிட்டாபட்டி என்றால் விடியும்போதே அங்கே நிற்க வேண்டும். மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம், சுமார் 25 கி.மீ. தள்ளி, பாறைக் குன்றுகள் சூழ்ந்த கிராமம்.

2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அதை நம்பி கேன்டீன் தேடாதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள ஷூ. மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும், ஏறவே வேண்டாம்.

லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவையைப் பார்க்க பைனாகுலர் போதும், கீழிருந்தே. பாறை விளிம்பில்தான் கூடு. கிட்டே போனால் தாய் பறந்துவிடும், முட்டை வெயிலில் கிடக்கும். டிரோன் அதைவிட மோசம்.

குகையில் தமிழி (பழங்காலத் தமிழ்-பிராமி) எழுத்து மங்கலாகத்தான் தெரியும். போட்டோவுக்காக அதன்மேல் சாக்பீஸ் தேய்ப்பவர்களை என்ன சொல்ல!