மலுங்காய் ஊரில் ஒரு பிரசவம்

பிலிப்பைன்ஸில் இருக்கும் லாஸ் பான்யோஸ் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, ஐ.ஆர். எட்டு நெல் என்றால் எல்லோருக்கும் தெரியும். மன்னார்குடிக்குப் பக்கத்தில் தாத்தா ஐ.ஆர். இருபது போட்ட வயலைப் பார்த்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன், அந்த ஐயும் ஆரும் எந்த ஊர் எழுத்து என்று ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாணமாகி 2016-இல் கணவருக்குப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்து, மணிலாவிலிருந்து தெற்கே மக்கிலிங் மலையடியில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோதுதான், அட, தாத்தா வயலுக்கு நெல் வந்த ஊர் இதுதானா என்று உறைத்தது.

வருவதற்கு முன் ஏழு வருஷம் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பாதிக்கு மேல் லேபர் வார்டு. இங்கே என் பதிவு செல்லாது, அதனால் வீட்டில் உட்கார்ந்து தகலோக் மொழியில் காய்கறிப் பெயர்கள் கற்றுக்கொண்டிருந்தேன். முதலில் ஒட்டிக்கொண்ட வார்த்தை 'மலுங்காய்'. முருங்கைக்கீரைதான். சொல்லிப் பாருங்கள், நம் முருங்கைதான் கப்பல் ஏறி வந்து நாக்கு புரண்டு நிற்பது போல இருக்கும். இரண்டாவது 'ஆத்தே'. அக்காவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தெருவில் ஒரு பிள்ளை "ஆத்தே!" என்று கத்தினால் எனக்கு முதல் ஆறு மாதம் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும்.

2018-இல் உண்டானேன். ஏழு வருஷம் கட்டில் பக்கத்தில் நின்றவள் கட்டிலில் ஏறிப் படுத்தேன். படுத்தாலும் நர்ஸ் புத்தி போகுமா, அவர்கள் என்ன செய்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் அதிர்ச்சி ஸ்கேன் அறையில். அந்தப் பெண் ஜெல்லைத் தடவிக்கொண்டே, "மம்மி, பையன்" என்றார், சாதாரணமாக, மணி என்ன என்று சொல்வது போல. நான் அனிச்சையாகக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். 1994 சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் ஸ்கேன் அறை வாசலில் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகை இல்லாத இடம் கிடையாது, அதைத் துடைத்து மாட்டியதே நான்தான். இங்கே அதைத் தெரிந்துகொண்டு கேக் வெட்டுகிறார்கள், உள்ளே நீலமா ரோஜா நிறமா என்று. பெண் என்று தெரிந்தால் கலைத்துவிடுவார்கள் என்ற பயமே இவர்களிடம் இல்லை. கலைப்பது என்ற பேச்சுக்கே வேறு பயம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

இங்கே பிள்ளைத்தாய்ச்சி அத்தனை பேரும் 'மம்மி'தான். டாக்டர், நர்ஸ், காவலாளி, ரத்தம் எடுக்கிற பையன் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று எரிச்சலாக இருந்தது. பிறகு நாங்கள் எப்படிக் கூப்பிடுவோம் என்று யோசித்தேன். "ஏம்மா, காலை மடக்கு", "இப்ப கத்தி என்ன புண்ணியம்." அதைவிட மம்மி எவ்வளவோ மேல்.

சரி, பிரசவத்துக்கு வருகிறேன். தலை வந்தது, தோள் வந்தது, அடுத்து நான் எதிர்பார்த்தது கத்திரிக்கோல். நான் வேலை கற்ற காலத்தில் பிள்ளை வெளியே வந்த கையோடு கொடியைக் கட்டி வெட்டி, சூடு கொடுக்கும் வார்மருக்குத் தூக்கிப் போய், வாயிலும் மூக்கிலும் சக்ஷன் போட்டு உறிஞ்சி, துடைத்து, எடை பார்த்து, தாய்க்கு ஒரு நொடி காட்டிவிட்டு, வாசலில் நிற்கும் பாட்டி கையில் கொடுத்துவிடுவோம். இப்போது அங்கேயும் மாறிவிட்டது, தோழிகள் சொல்கிறார்கள். இங்கே ஒரு நர்ஸ் பிறந்த நேரத்தை உரக்கச் சொன்னார், இன்னொருவர் துணியால் தலை முதல் கால் வரை பரபரவென்று துடைத்தார், சக்ஷன் கிடையாது, ஈரத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு என் வயிற்றின்மேல் அப்படியே கவிழ்த்துப் போட்டு, தலைக்கு ஒரு குல்லா, மேலே ஒரு போர்வை. அப்புறம் யாரும் ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றார்கள். கொடியில் துடிப்பு நிற்கட்டும் என்று மேல் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு லேபர் வார்டில் நாலு பேர் ஒன்றும் செய்யாமல் நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். துடிப்பு அடங்கியபின் தொப்புளிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் ஒரு கிளிப், ஐந்தில் ஒன்று, நடுவில் வெட்டு. எடை, ஊசி, கண் மருந்து எல்லாம் அவன் பால் குடித்து முடித்த பிறகுதான்.

இதற்கு 'உனாங் யாகாப்' என்று பெயர், முதல் அணைப்பு. 2009 டிசம்பரில் சுகாதாரத் துறை ஆணையாகவே வந்தது. அதற்கு முன் இங்கேயும் எங்கள் கதைதான். 51 மருத்துவமனைகளில் 481 பிரசவங்களைப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்த ஓர் ஆய்வில், கொடியைச் சில நொடிகளில் வெட்டுவதும், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதும், அவசரமாகக் குளிப்பாட்டுவதும்தான் வழக்கம் என்று தெரிந்திருக்கிறது. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். என் வயிற்றின்மேல் அவன் தானாக முகத்தை உரசி உரசி மார்பைத் தேடியபோது, நான் பிரித்து எடுத்துக் கொண்டுபோன பிள்ளைகள் எத்தனை என்ற கணக்கு மனசில் ஓடியது. அழுதேன். வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அம்மா எட்டாம் மாதமே ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்திருந்தார். சுக்கு, லேகியம், வசம்பு, பழைய புடவைத் துணி. பிள்ளை பிறந்ததும் சீனித்தண்ணியில் சேனை வைக்க விரலை நனைத்துக்கொண்டு வந்தவரை நர்ஸ் சிரித்துக்கொண்டே தடுத்துவிட்டார். சீம்பாலைத் தவிர ஒரு சொட்டுக்கூடக் கூடாதாம். "அவ யாருடி எம் பேரனுக்குச் சேனை வைக்கக்கூடாதுன்னு சொல்ல?" சீனித்தண்ணிக்கே இப்படி என்றால் பால்பவுடர் பேச்சையே எடுக்க முடியாது. 1986-லேயே சட்டம் போட்டு, பால்பவுடர் கம்பெனிக்காரர்களை மருத்துவமனைக்குள் மாதிரிப் பொட்டலம் கொடுக்கவிடாமல் செய்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் பெண் புட்டி கேட்டதற்கு அந்தச் சிரித்த முகத்து நர்ஸ் கொடுத்த பார்வை இருக்கிறதே, எங்கள் ஹெட் சிஸ்டரே தோற்றுப் போவார்.

ஆனால் அதே நர்ஸ் ராத்திரி என் காதருகே வந்து, பத்து நாள் குளிக்காதீங்க மம்மி, 'பினாட்' வந்துவிடும் என்றார். பினாட் என்றால் பிள்ளை பெற்ற உடம்பு காற்றும் தண்ணியும் பட்டு மறுபடி விழுந்துபோவது. பயிற்சியில் அப்படியா சொன்னார்கள் என்று கேட்டேன். "பயிற்சியில் குளிக்கலாம் என்றுதான். ஆனால் என் பாட்டி குளிக்கவிடவில்லை." இதைக் கேட்ட அம்மாவுக்கு அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. மறுநாள் பச்சைப் பப்பாளியும் மலுங்காயும் போட்ட தினோலா, நம் கோழி ரசம் மாதிரி, வந்தது. பால் ஊறும் என்றார்கள். பப்பாளியைக் கண்டதும் அம்மா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். இறங்கின வயிற்றுக்கு இனி என்ன பப்பாளி என்று நான் குடித்துவிட்டேன்.

பிறந்து 24 மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்தார்கள். இங்கே 2004-லிருந்து இதற்குச் சட்டமே இருக்கிறது. நான் மறந்தே போனேன். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது, ஜி6பிடி என்ற நொதி குறைவு போலத் தெரிகிறது, இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யவேண்டும் என்று. பாடத்தில் படித்த பெயர், ஒரு பிள்ளைக்கும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா என்ன, நாங்கள் சோதிக்கவே இல்லை, அவ்வளவுதான். மறுபரிசோதனையிலும் குறைவுதான். நர்ஸ் ஒரு பட்டியல் கொடுத்தார், சில மாத்திரைகள், சில பயறுகள், கடைசியாக நாஃப்தலீன். சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும், வீட்டிலேயே இருக்கக்கூடாது என்றார்.

நாஃப்தலீன் என்றால் அந்துருண்டை. அம்மாவின் டிரங்குப் பெட்டி முழுக்க அந்துருண்டை. பிள்ளைக்குச் சுற்றிய புடவைத் துணி ஒவ்வொன்றும் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. எல்லாத் துணியையும் மூட்டை கட்டி வெளியே வைத்தோம், பெட்டியைத் தெருக்கோடியில் போட்டோம், அம்மா ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. கண் மஞ்சள் லேசாகத்தான் இருந்தது, இறங்கிவிட்டது. மருதாணி பட்டியலில் இல்லை. நம் வழக்கமாயிற்றே என்று டாக்டரிடம் நானே கேட்டேன், அதுவும் கூடாது என்று கையால் எழுதிச் சேர்த்தார். மூன்றாம் மாதம் பேரன் பாதத்தில் வைக்க அம்மா எண்ணியிருந்தது அது.

சரி, பின்னால் வருகிறேன் என்று சொன்ன விஷயம். ஆறாவது வாரம் செக்கப்புக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த அறை அமைதியானது. "இங்கே அது செய்வதில்லை, மம்மி." எங்கே செய்வார்கள்? தோளைக் குலுக்கினார். கதவுக்கு மேலே மாதா படம். பிள்ளையைத் தொடும்போது இவர்களுக்கு இருந்த தெளிவு, கர்ப்பப்பை என்றவுடன் எங்கே போனது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம்தான் கதை புரிந்தது. 2012 டிசம்பரில் இனப்பெருக்கச் சுகாதாரச் சட்டம் வந்தது, நாலு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, 2014 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்றாலும் எட்டு இடங்களை வெட்டிவிட்டது. மனசாட்சிக்கு ஒவ்வாது என்று மறுக்கும் மருத்துவர், வேறு இடத்துக்கு அனுப்பவும் மறுத்தால் தண்டனை என்ற பிரிவு வெட்டுப்பட்டதில் ஒன்று. ஆக, அந்தத் தோள்குலுக்கலுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. கருக்கலைப்பு இங்கே 1930-ஆம் வருஷத் தண்டனைச் சட்டப்படி குற்றம். காப்பர்-டியும் கலைப்புதான் என்று நம்புகிற நர்ஸுகளை நானே பார்த்தேன். அறியாமை என்று சொல்லிவிட முடியாது, அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குச் சமமாகச் சொல்வார்கள், கூடவே சிலுவையையும் போட்டுக்கொள்வார்கள்.

கடைசியில் பராங்காய் சுகாதார நிலையத்துக்குப் போனேன். பராங்காய் என்பது நம் வார்டு மாதிரி. ஐம்பது தாண்டிய மருத்துவச்சி, கழுத்தில் ஜெபமாலை, மேஜையில் மாதா, பக்கத்திலேயே மாத்திரை, காண்டம், ஊசி மருந்து, கைக்குள் வைக்கும் இம்ப்ளான்ட் எல்லாம் வரிசையாக. ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, இது ரத்தப்போக்கை இப்படி மாற்றும், இது பாலைக் குறைக்காது என்று அரைமணி நேரம் பேசினார். இம்ப்ளான்ட் 2015 முதல் 2017 கடைசி வரை நீதிமன்றத் தடையில் கிடந்ததாம், பெட்டி பெட்டியாகக் கிடங்கில் இருக்க, தேடி வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினோம் என்றார். அவர்களில் சிலர் அடுத்த பிரசவத்துக்குத்தான் திரும்பி வந்தார்களாம். 2000-இல் மணிலா நகர நிலையங்களில் மாத்திரையும் காண்டமும் மேயர் ஆணையால் நின்றுபோன காலத்தில் அவர் அங்கே வேலை பார்த்திருக்கிறார். ஞாயிறு பூசையில் பாதிரியார் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இல்லையா என்று கேட்டேன். முன்வரிசையில் உட்கார மாட்டேன் என்று சிரித்தார்.

மடியில் இருந்த பிள்ளையின் கையில் வசம்பு வளையல், கன்னத்தில் மைப்பொட்டு. "உசோக்குக்கா?" என்று கேட்டார். கண்ணேறுக்கு இங்கே அதுதான் பெயர். கூட வந்த அம்மாவுக்கு உசோக் என்ற சொல் மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது, வேகமாகத் தலையாட்டினார். தொப்புளில் 'பிக்கிஸ்' துணி மட்டும் கட்டாதீங்க, புண்ணாகும், மற்றபடி பொட்டு இருக்கட்டும் என்றார் மருத்துவச்சி.

பதிவேட்டில் என் பெயரை எழுதிக்கொண்டே, நீயும் நர்ஸ்தானே, உங்கள் ஊரில் இதை எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டார். எங்களுக்கு மாதா இல்லை, டார்கெட் இருந்தது என்று சொல்ல வந்து, அதைத் தகலோக்கில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திணறினேன். இரண்டாவது பிள்ளைக்கு முக்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடமே "இதோட போதும்ல, ஆபரேஷன் பண்ணிடலாமா, கையெழுத்துப் போடு" என்று நான் நீட்டிய காகிதங்கள். காப்பர்-டி போட்டதை வீட்டுக்குப் போன பிறகு தெரிந்துகொண்டு சண்டைக்கு வந்த ஒரு பெண்ணின் மாமியார்.

"நாங்கள் கேட்கமாட்டோம், சொல்லிவிடுவோம்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சரி, உனக்கு எது வேண்டும்?" என்று மேஜையிலிருந்ததை மறுபடி என் பக்கம் தள்ளினார்.