கார்புரேட்டரில் கைவைக்கும் முன்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கும் மக்களே, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. வண்டி தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் வற்றிப் பிசினாகிவிடும். போதாததற்கு இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது வேறு ஈரத்தை இழுக்கும். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுபோகிறது என்றால் அநேகமாகப் பைலட் ஜெட் அடைப்புதான், அதாவது ஐடிலிங்கில் பெட்ரோல் போகும் பொடித்துளைத் திருகு.

டேங்க் டேப்பை மூடிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றுங்கள். காற்றளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை எடுக்குமுன் மெதுவாக உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று குறித்துவையுங்கள். ஜெட்டை ஊசியால் குத்தவே கூடாது. பித்தளை, துளை பெரிதாகிவிடும். தக்கலைப் பக்கம் ஒரு ஆசான் பழைய வயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி நுழைப்பார், அப்புறம் காற்றடிப்பார். ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்தால் பொட்டு வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு மிச்சமிருக்கிறது, கிளீனரில் ஊறட்டும்.

கிளீனர் ஸ்ப்ரே ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில் படக்கூடாது, உப்பிவிடும்.

மாட்டும்போது, ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஏறி இறங்கும் ஸ்லைடின் காடி உள்ளே இருக்கும் பின்னில் சரியாக உட்கார வேண்டும், வெட்டுப் பகுதி ஏர் ஃபில்டர் பக்கம். திணித்துவிட்டுக் கிக்கரை உதைத்தால் வண்டி அலறும், அடங்காது! முதலில் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள், ‘டக்’ என்று இறங்குகிறதா பாருங்கள்.

நாகர்கோவிலில் ஒரிஜினல் பைலட் ஜெட் கிடைக்கும் கடை தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். டூப்ளிகேட் வேண்டாம், ப்ளீஸ்.